நல்ல தண்ணியில் கழுவிய போன்

நெடுந்தீவு மேற்கு
20.03.2011

போன் கடை அக்காவுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. போனுடன் நீங்கள் தந்துவிட்ட அட்டையில் கடை விலாசத்துக்குக் கீழே, 'உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள்' என்று அச்சடித்திருந்தது. அதனால் எழுதுகிறேன். ஆனால் இது நல்ல அனுபவம் இல்லை.

என் பெயர் கிறிஸ்ரினா. ஒன்பதாம் ஆண்டு படிக்கிறேன். என் அப்பா அருளப்பு போன மாதம் உங்கள் கடைக்கு வந்தார். கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய பெரிய கண்ணாடிப் போனைத் திறந்து, இங்கத்தைய சிம் போட்டுக்கொண்டு போனார். பொத்தான்கள் இல்லாமல் எழுத்தெல்லாம் கண்ணாடிக்குள்ளேயே வரும் போன். அமத்தினால் முழுக் கண்ணாடியும் டக்கென்று உள்ளே போய் வரும். கொம்பனி முதலாளிமார் வைத்திருக்கிற போன் என்று அப்பா சொன்னார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அது இப்போது செத்துவிட்டது அக்கா. நான்தான் சாகடித்தேன்.

அப்பா அதைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்து, "உயிர்த்த ஞாயிறு வருமட்டும் ஒருத்தரும் தொடப்படாது" என்றார். நான் வியாழக்கிழமை அப்பா கடலுக்குப் போனதும் எடுத்துக்கொண்டு, என் சிநேகிதி நிலுஜாவுக்குக் காட்டுவதற்கு மாவிலித்துறைக்குப் போனேன். படகு வந்து அணைந்தபோது அலை அடித்துத் தெறித்தது. போனும் நானும் நனைந்துவிட்டோம். வீட்டுக்கு வருவதற்குள் கண்ணாடி வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. எங்கள் வீட்டில் கடல் பட்ட எதையும் அப்படியே வைக்கமாட்டோம். இஞ்சின், ரோச் லைற், கத்தி எல்லாவற்றையும் நல்ல தண்ணியில் கழுவித்தான் வைப்போம். இந்த வெயில் காலத்தில் எங்கள் ஊரில் நல்ல தண்ணி எவ்வளவு அருமை என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கும். நான் ஒரு செம்பு நிறைய எடுத்து, மூலை முடுக்கெல்லாம் விட்டு, நன்றாகக் கழுவினேன். துடைத்துவிட்டுப் பார்த்தால் வெளிச்சம் வரவில்லை.

சித்தப்பா உயிர்த்த ஞாயிறு காலையில் அழைப்பு எடுப்பார். சிம் நம்பர் அவரிடம் இருக்கிறது. போனைக் கொண்டுவந்து தந்தவரிடம் அவர் சொல்லிவிட்டது இதுதான்: "அண்ணை எடுத்தால் கதைப்பன். எடுக்காட்டி இனிமேல் கரைச்சல் குடுக்கமாட்டன்." அப்பாவும் சித்தப்பாவும் ஐந்து வருடமாகக் கதைப்பதில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு இஞ்சின் இருந்தது. ஒருநாள் சித்தப்பா அதைக் கழுவாமல் விட்டுவிட்டார். உப்பேறி இஞ்சின் இறுகிப்போனது. அதில் வந்த சண்டை. அதே வருடம் அவர் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார்.

அப்பா எனக்கு அடிக்கமாட்டார். பேசவும் மாட்டார். சும்மா இருந்துவிடுவார். சித்தப்பாவுடன் இருக்கிற மாதிரி என்னுடனும் இருந்துவிடுவாரோ என்றுதான் பயம்.

எல்லோரும் படுத்தபின் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். பதிலை வீட்டுக்குப் போடாதீர்கள். மாவிலித்துறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் கிறேசம்மா மாமியின் பெயருக்குப் போடுங்கள். அவர் நிலுஜாவின் அம்மா. ஒருவருக்கும் சொல்லமாட்டார்.

இப்படிக்கு,
அ. கிறிஸ்ரினா


யாழ்ப்பாணம்
23.03.2011

அன்புள்ள கிறிஸ்ரினாவுக்கு,

என் பெயர் சுமித்திரா. அந்த அட்டையை அச்சடித்து ஆறு மாதமாகிறது. கடைக்குக் கடிதம் எழுதிய முதலாவது வாடிக்கையாளர் நீர்தான். எங்கள் முதலாளி சுபாஸ்கரன் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து, அதன் தலையில் 'வாடிக்கையாளர் அனுபவம்' என்று சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதன் கீழே இன்றுவரை ஒன்றுமில்லை. வாடிக்கையாளர்கள் தங்கள் அனுபவங்களை என் முகத்துக்கு நேரேதான் சொல்கிறார்கள். உம்முடைய கடிதத்தைப் பார்த்ததும் முதலாளி, "ஒட்டும், ஒட்டும்" என்று ஓடிவந்தார். 'செத்துவிட்டது' என்ற சொல் கண்ணில் பட்டதும் திரும்பிப் போய்விட்டார்.

முதலில் ஒன்று. இனி அதை ஓன் பண்ணிப் பார்க்காதேயும். எத்தனை தரம் பார்த்தீர் என்று நான் கேட்கவில்லை. பின்பக்கத்து மூடியை நகத்தால் தள்ளிக் கழற்றி, பற்றறியை வெளியே எடும். சிம்மையும் எடும். பிறகு நல்ல வெயில் படுகிற, காற்றுள்ள இடத்தில் சில நாட்கள் காயவையும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பவர்களும் உண்டு. உம்முடைய அம்மா அரிசி எடுக்கும்போது போனும் சேர்ந்து உலைக்குள் போய்விடக்கூடாது என்பதால் அதை நான் சொல்லவில்லை.

உம்முடைய அப்பாவை நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்ணாடியை அமத்தி அமத்திப் பார்த்தார். அது அசையவில்லை. விரலைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடியும் அமத்தினார். "பிள்ளை, இது என்னை மதிக்குதில்லை" என்றார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரலை இந்த மாதிரிக் கண்ணாடி அடையாளம் காணாது. நான் தொட்டதும் உடனே திறந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

நல்ல தண்ணி அருமை எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர். நான் இறுப்பிட்டிப் பிள்ளை. புங்குடுதீவில் குடத்தோடு நடந்து வளர்ந்தவள். நீர் ஒரு செம்பு முழுதும் செலவழித்தீர் என்று வாசித்தபோது, அந்தப் போனுக்கு எவ்வளவு மரியாதை செய்திருக்கிறீர் என்று விளங்கியது.

காய்ந்ததும் எழுதும்.

சுமித்திரா


நெடுந்தீவு மேற்கு
27.03.2011

அன்புள்ள சுமித்திரா அக்கா,

உங்கள் கடிதத்தைக் கிறேசம்மா மாமி சீனிப் பைக்குள் வைத்துத் தந்தார். வாசித்துச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகப் பயந்தேன்.

நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றினேன். பற்றறிக்குக் கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எங்கே காயவைப்பது என்றுதான் தெரியவில்லை. கூரையில் வைத்தால் காகம் தூக்கும். முற்றத்தில் வைத்தால் அம்மா காண்பார். கடைசியில் பின்வளவில் கருவாடு காயப்போடும் தட்டிதான் ஞாபகம் வந்தது. அதன் மேல் வலை போட்டிருக்கிறது. வெயிலும் காற்றும் அதைப்போல வேறெங்கும் இல்லை. கட்டாக் கருவாடுகளுக்கு நடுவில் போனை, கண்ணாடி மேலே பார்க்கும்படி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். கறுப்பாக, தட்டையாக, அதுவும் ஒரு மீன் மாதிரித்தான் கிடந்தது.

பின்னேரம் வந்து பார்த்தால் கண்ணாடி கீழே, முதுகு மேலே கிடந்தது. காகம் வலைக்கு மேலிருந்து கொத்திப் புரட்டியிருக்க வேண்டும். ஒரு கீறலும் இல்லை. அடுத்த நாளும் அப்படியே புரண்டிருந்தது. எங்கள் ஊர்க் காகங்கள் அவ்வளவு கெட்டிக்காரக் காகங்கள்.

இன்று பற்றறியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிவப்புப் புள்ளி கண் சிமிட்டியது. அவ்வளவுதான். வேறொன்றும் வரவில்லை. இப்போது அது செத்ததோடு கருவாடும் மணக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அப்பா ஒவ்வொரு நாளும் கடலால் வந்து குளித்ததும் அலுமாரியைத் திறக்கிறார். துவாய்ச் சுருட்டை விரிப்பதில்லை. மேலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார். அம்மா நேற்று, "அப்ப கதைக்கத்தான் போறியள் போல" என்றார்.

"எனக்கு அவனோட கதைக்க ஒண்டுமில்லை."

"பின்னை ஏன் தடவுறியள்?"

"பூச்சி கீச்சி அரிக்குதோ எண்டு பாத்தனான்."

அக்கா, அந்தச் சுருட்டுக்குள் நான் போன் அளவில் ஒரு குளிக்கிற சவர்க்காரக் கட்டியை வைத்திருக்கிறேன். காய்ந்த போனை என் புத்தகப் பைக்குள் ஒளித்திருக்கிறேன். அப்பா சவர்க்காரத்தைத் தடவுவதைப் பார்க்க எனக்கு அழுகை வருகிறது.

கிறிஸ்ரினா


யாழ்ப்பாணம்
30.03.2011

அன்புள்ள கிறிஸ்ரினா,

சவர்க்காரம் வாசித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரில் ஒரு வங்கி மனேச்சர் தன் போனைப் பற்றிக் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தன்னைப் பார்த்துத்தான் சிரித்தேன் என்று நினைத்துக்கொண்டார். அவரிடமும் உம்முடையதைப் போலவே ஒன்று. போனை நேராகப் பிடித்தால் படம் படுத்துக்கொள்கிறதாம். படுக்க வைத்தால் எழும்பி நிற்கிறதாம். "நான் அதுக்கு வேலை செய்யிறனோ, அது எனக்கு வேலை செய்யுதோ?" என்று கேட்டார். "அனுபவத்தை எழுதித் தாங்கோ சேர், பலகையில் போடுவம்" என்றேன். போய்விட்டார். அதற்கு முதல் நாள் ஒரு லொறிக்காரர் வந்து, கண்ணாடிக்கு மேலே பொத்தான்கள் ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். பலகை இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

போனை எனக்கு அனுப்பி வையும். கிறேசம்மா மாமி சாமான் வாங்க யாழ்ப்பாணம் வருவார்தானே? 'தண்ணீர் பட்ட போன் திருத்தமாட்டோம்' என்று கடையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. அதை எழுதி ஒட்டியவளே நான்தான். இருந்தாலும் பின்னறையில் திருத்துகிற டினேஷ் நான் சொன்னால் கேட்பான். முதலாளி சாப்பிடப் போகும் நேரம் பார்த்துக் கொடுக்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். திருந்தும் என்று உறுதி தர என்னால் ஏலாது. திருந்தாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. சிம்மை ஒரு சின்னப் பொத்தான் போனில் போட்டுத் தருகிறேன். சித்தப்பாவின் அழைப்பு அதிலும் வரும். ஆனால் உம்முடைய அப்பாவிடம் நடந்ததைச் சொல்ல வேண்டிவரும். முடிவு உம்முடையது.

அன்றைக்குக் கடையில் அவர் என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார். "மணி அடிக்கும்தானே பிள்ளை? சத்தமா அடிக்கும்தானே?" கதைக்க விருப்பமில்லாத மனிசன் அப்படிக் கேட்கமாட்டார்.

சுமித்திரா


நெடுந்தீவு மேற்கு
03.04.2011

அன்புள்ள அக்கா,

போனைப் பால்மா ரின்னுக்குள் வைத்து மாமியிடம் கொடுத்துவிட்டேன். படகில் மடியில் வைத்திருக்கச் சொன்னேன். "உன்ர குழந்தையை நான் பாத்துக்கொள்ளுறன், போடி" என்றார்.

நன்றாக யோசித்தேன். திருந்தாவிட்டால் பொத்தான் போனையே தந்துவிடுங்கள். அப்பாவிடம் நானே சொல்வேன். அவர் என்னோடு கதைக்காமல் விட்டாலும் சித்தப்பாவோடு கதைக்க வேண்டும். இதை இரண்டு தரம் எழுதி அழித்தேன். எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன், இனி அழிக்கமாட்டேன்.

நேற்று ஒன்று நடந்தது. அப்பா அலுமாரியைச் சாத்திவிட்டுத் தன் விரலை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கணக்குப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். புத்தகம் தலைகீழாக இருந்தது. அவர் கிழிந்த வலை பொத்தப் போய்விட்டார்.

கிறிஸ்ரினா


யாழ்ப்பாணம்
11.04.2011

என் அன்பான கிறிஸ்ரினா,

இனி உன்னை 'நீர்' என்று எழுத எனக்கு ஏலாது. நீ என்று எழுதுகிறேன், கோபிக்காதே.

போன் உயிர்த்துவிட்டது! ஞாயிறு வரும்வரை அதற்குப் பொறுமை இல்லை.

நடந்ததைக் கேள். டினேஷ் மூடியைத் திறந்ததும் பின்னறை முழுக்கக் கருவாட்டு மணம். "அக்கா, இது போனோ, கறிச் சாமானோ?" என்றான். பற்றறிக்குப் பக்கத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. கட்டா மீனுக்குச் செதிலே கிடையாது, இது வேறென்னவோ மீன் என்று அதையும் ஆராய்ந்தான். பிறகு உள்ளே முழுவதையும் சின்னத் தூரிகையால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். ஒரு கம்பியை மட்டும் மாற்றினான். வெளிச்சம் வந்ததும் நான் கத்திய கத்தலில் முதலாளி சோற்றுக் கையோடு ஓடிவந்தார். மாட்டிக்கொண்டேன். அவர் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்கைச் சுழித்தார். "திருத்தினதுதான் திருத்தினீர், அந்தச் சனத்திட்டை இருந்து ஒரு நல்ல அனுபவம் எழுதி வாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதைக் கவனமாக வாசி. டினேஷ் சொன்னான்: கடல் தண்ணீரை அப்படியே விட்டிருந்தால் உப்பு உள்ளே எல்லாவற்றையும் தின்றிருக்கும். கழுவியதால்தான் தப்பியது. பற்றறியைக் கழற்றாமல் கழுவியது மட்டும்தான் பிழை. உங்கள் வீட்டுப் பழக்கம் சரியான பழக்கம்.

மாமியிடம் போனைக் கொடுத்துவிட்டேன். வருடப்பிறப்புக்கு இறுப்பிட்டிக்குப் போகிறேன், ஒரு கிழமை கடையில் இருக்கமாட்டேன். அதனால் இப்போதே சொல்கிறேன். அன்று காலை அப்பாவுக்குப் பக்கத்தில் நில். அவர் விரலுக்கு அது திறக்காது. உன் விரல் வேண்டிவரும். நீ அமத்தினால் உனக்கு அந்தப் போனைத் தெரியும் என்று அவருக்கு விளங்கிவிடும். அதற்கும் ஆயத்தமாக நில்.

உன் அக்கா,
சுமித்திரா


நெடுந்தீவு மேற்கு
25.04.2011

என் அன்பான அக்கா,

இதைப் பகலில் எழுதுகிறேன். முன் விறாந்தையில் கதிரை மேசை போட்டு எழுதுகிறேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

போனைப் பெரிய வியாழனுக்கு முன்பே துவாய்க்குள் திரும்ப வைத்துவிட்டேன். நேற்று விடியப் பூசை முடிந்து வந்ததும் அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். போனுக்குச் சேட்டுத் தெரியாது என்று அம்மா சொன்னார். அப்பா காதில் விழுத்தவில்லை. துவாயை விரித்துப் போனை மேசையில் வைத்தார். வைத்ததும் கருவாட்டு மணம் வந்தது. நான் கதவுப் பக்கம் ஒதுங்கினேன். அவர் துவாயை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

மணி அடித்தது அக்கா. நன்றாகச் சத்தமாக அடித்தது.

அப்பா அமத்தினார். அசையவில்லை. சேட்டில் துடைத்துவிட்டு அமத்தினார். பெருவிரலால் அமத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் முகம் கடலில் வலை அறுந்த மாதிரி ஆகிவிட்டது. "என்ர கையை இதுக்குத் தெரியேல்லை" என்றார். குரல் சின்னதாக வந்தது. நான் கதவோடு நின்றேன். பிறகு ஓடிப்போய் அமத்திவிட்டேன். டக்கென்றது. சத்தமாகக் கேட்கிறதையும் நானே தட்டிவிட்டேன்.

"அண்ணை?"

அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய தோளில் இடித்தார்.

"அண்ணை, எடுத்திட்டியளே!"

"நான் எடுக்கேல்லை. பிள்ளைதான் எடுத்தவள். என்ர விரலுக்கு இது மசியுதில்லை."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எனக்கும் மசியேல்லை அண்ணை! மீன் வெட்டுற கொம்பனியில என்னை மேற்பார்வைக்கு விட்டு, முதலாளிதான் அந்தப் போனைத் தந்தவன். கையுறை கழட்டினாலும் என்ர விரலை அதுக்குத் தெரியாது. நான் மூக்காலதான் அமத்தினனான். வேலைத்தலத்தில ஒரே பகிடி."

"மூக்காலயோ?"

"ஓம். மூக்குக்கு நல்லா வேலை செய்யும்."

அப்பா சிரித்தார் அக்கா. யசிந்தன் சித்தப்பாவின் பெயரைச் சொன்னாலே எழும்பிப் போகிறவர், கதிரை ஆடச் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அப்போது சித்தப்பா மெல்லமாகச் சொன்னார்.

"அண்ணை, ஒண்டு. அங்க உப்புக் காத்து. கடல் கிடல் பட்டிட்டால் அந்தப் போனை உடன நல்ல தண்ணியில கழுவி வையுங்கோ. நான் அண்டைக்குக் கழுவாமல் விட்ட மாதிரி விட்டிடாதேங்கோ."

அப்பா போனை விட்டுத் தலையைத் தூக்கினார். முதலில் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கழுவியாச்சடா" என்றார் அப்பா. "பிள்ளை கழுவிப்போட்டாள். நான் புரட்டிப் புரட்டிக் காயப்போட்டனான்."

அக்கா, காகம் இல்லை!

அதற்குப் பிறகு அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன். அம்மாவும் அழுதார். அவர்கள் இருவரும் இஞ்சினைப் பற்றியும், காற்றைப் பற்றியும், அங்கே கட்டா மீன் இல்லாததைப் பற்றியும் பற்றறி முடியும்வரை கதைத்தார்கள். சித்தப்பா ஆவணியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பின்னேரம் அப்பாவிடம் கேட்டேன். கருவாடு புரட்டப் போன முதல் நாளே கண்டுவிட்டாராம். "ஒரு பக்கம் மட்டும் காஞ்சால் காணுமே? மற்றப் பக்கமும் காயவேண்டாமோ?" என்றார்.

"சவர்க்காரமும் தெரியுமோ அப்பா?"

"ஏன் தெரியாது? கடலால வந்து குளிச்ச கையில மறுபடியும் சவர்க்கார வாசம். கொம்மா சந்தேகப்படப் போறாளோ எண்டு பயந்தனான்."

"பின்னை ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ பயத்தில அதைக் கொண்டுபோய்க் கடலுக்கை எறிஞ்சிடுவாய். அதுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். எனக்கு அவன்ர மணி அடிக்கவேணும்." பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தார். நோகவில்லை.

இன்று காலை முழுக்க மூக்கால் அமத்திப் பழகுகிறார். கிறேசம்மா மாமிக்கு இரண்டு தரம் தவறுதலாக அழைப்புப் போய்விட்டது. உங்கள் கடையின் அட்டையை வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார். கீழே இருப்பது அப்பா சொன்னது. நான் எழுத்துத் தமிழில் மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் அவருடையது. பலகையில் ஒட்டுங்கள்.

உங்கள் தங்கை,
கிறிஸ்ரினா


வாடிக்கையாளர் அனுபவம்

போன் பாரமானது, நல்லது. கடலில் தொழில் செய்பவர்களின் கையை அதற்குத் தெரியாது. மூக்கைத் தெரியும். கடல் பட்டால் முதலில் பற்றறியைக் கழற்றவும். பிறகு நல்ல தண்ணியில் கழுவவும். இரண்டு பக்கமும் காயவிடவும். தம்பியின் குரல் பக்கத்தில் இருந்து கதைப்பதுபோலக் கேட்கிறது.

பஸ்ரியாம்பிள்ளை அருளப்பு,
நெடுந்தீவு.